தூக்கிவாரிப் போடும் பிரெஞ்சுச் சொல்

நான் பிரெஞ்சு படித்தது பிரெஞ்சுக்காரர்கள் மேல் பாசம் பொங்கியதால் அல்ல. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது சீனியர் ஒருத்தி காதில் ஓதினாள். தமிழ் எடுத்தால் செய்யுளை மனப்பாடம் செய்ய வேண்டும். பிரெஞ்சு எடுத்தால் ‘என்னிடம் ஒரு கறுப்புப் பூனை இருக்கிறது’ என்று எழுதினாலே மார்க்கை அள்ளிப் போடுவார்கள். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. ஆனாலும் மூன்று வருஷம் அந்தப் பூனையைப் பற்றி விதவிதமாக எழுதினேன். அதற்கு ஜுரம் வந்தது, கல்யாணம் ஆனது, ஒரு தடவை பாரீசுக்குக்கூடப் போய்வந்தது. அந்தப் பொய்ப் பூனைதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது. காஞ்சிபுரத்துக்கு வரும் பிரெஞ்சுப் பயணிகளுக்கு நான் கைடு. பயணிகள் வராத மாதங்களில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு டியூஷன். இப்போது அவர்களும் பூனை வளர்க்கிறார்கள்.

அந்த மொழியில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் சக்காத். சட்டென்று, வெடுக்கென்று, எதிர்பாராமல் நடக்கும் அசைவுக்கு அந்தப் பெயர். முதலில் அது குதிரைக்காரர்களின் சொல்லாம். ஓடுகிற குதிரையை நிறுத்தக் கடிவாளத்தை வெடுக்கென்று இழுப்பார்களே, அந்த இழுப்புதான் சக்காத். அப்புறம் அந்தச் சொல் குதிரையை விட்டு இறங்கி, கண்டதில் எல்லாம் ஏறிக்கொண்டது. வண்டி குலுங்கினாலும் சக்காத். கோபத்தில் ஒருவர் வார்த்தை வார்த்தையாக வெட்டி வெட்டிப் பேசினால் அதற்கும் அதுதான். அடக்க முடியாமல் விட்டு விட்டு வரும் சிரிப்புக்கும் அதுதான். பாண்டிச்சேரியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதியில் இன்னொரு அர்த்தமும் போட்டிருந்தது: ஒருவரை வெடுக்கென்று திட்டுவது. என் அம்மா எனக்குத் தினம் நாலைந்து சக்காத் கொடுக்கிறாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

டியூஷனில் குதிரை, கடிவாளம் என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்த குதிரை கோயில் வாகனம்தான். அது கடிவாளத்துக்கெல்லாம் நிற்காது. அதனால் நான் டவுன் பஸ்ஸைச் சொல்வேன். மூங்கில் மண்டபத்துக்கிட்டே டிரைவர் பிரேக் போட்டதும் கடைசி சீட்டில் இருப்பவர் கண்டக்டர் மடியில் வந்து உட்காருகிறாரே, அது சக்காத். ‘பார் சக்காத்’ என்றால் விட்டு விட்டு நடப்பது. காலையில் தெருக்குழாயைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று வந்து, கொஞ்சம் துப்பி, நின்று, மறுபடி துப்புகிறதே, அந்தத் தண்ணீர் பார் சக்காத் வருகிறது. “மிஸ், எங்க வீட்டு வைஃபைகூட பார் சக்காத்தாதான் வருது” என்றாள் ஒருத்தி. அவளுக்கு அந்த இடத்திலேயே முழு மார்க் போட்டேன்.

ஆனால் அந்தச் சொல்லுக்கு நடமாடும் உதாரணம் என் வீட்டிலேயே இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் குடியிருக்கிறோம். அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவில் முட்டை அவித்தே ஓய்வு பெற்றவள். இந்த ஊரிலேயே அவளைப் போலத் திடுக்கிடும் ஆள் கிடையாது. குக்கர் விசிலுக்குக் குதிப்பாள். செல்போன் அடித்தால் கையிலிருப்பது கீழே விழும். தபால்காரர் “போஸ்ட்” என்றால் “ஐயோ ஆண்டவரே” என்பாள். அவளே தும்மிவிட்டு அவளே திடுக்கிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கத் தெருவில் அடிக்கும் தறிச் சத்தத்துக்கு மட்டும் அசையமாட்டாள். அது நின்றால் திடுக்கிடுவாள். சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவளைப் பயமுறுத்துவதுதான் எனக்கு விளையாட்டு. நாற்பதை நெருங்கியும் அந்தப் புத்தி முழுதாகப் போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

விளையாட்டு நின்றது போன வருஷம். அம்மாவின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண் எப்போதோ போன கண். இளம் வயதில் கூரம் பக்கம் அறுவடைக்குப் போன இடத்தில், கதிரடிக்கும்போது நெல் தெறித்து, அதைக் கவனிக்காமல் விட்டுப் புண்ணாகிப் போனது. அதில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. மிச்சமிருந்த ஒரே கண்ணும் இப்போது பனிமூட்டம் போட்டுக்கொண்டது. பைபிளைப் பெரிய எழுத்தில் வாங்கிக் கொடுத்தேன். சீரியலில் யார் மாமியார், யார் மருமகள் என்று குரலை வைத்துக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் வந்து நின்றால்தான் என் முகம் தெரியும் என்ற நிலை வந்தபோது, இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னவர், பொறுமைசாலி. “சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வெப்போம்மா. ஆனா நீங்க முழிச்சிக்கிட்டுதான் இருப்பீங்க. ஒரு கால் மணி நேரம் தலைய ஆட்டக் கூடாது. திடுக்குனு அசையவே கூடாது. இருக்கிறது ஒரு கண்ணு, பாத்துக்குங்க” என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “நான் ஆடிடுவேன்டி” என்றாள். பிறகு டாக்டரிடம், “நான் குக்கர் விசிலுக்கே எகிறிக் குதிக்கிறவ சார். நீங்க உள்ள கத்திய வெச்சிக்கினு இருக்கறப்போ எவனாச்சும் கதவ டமால்னு சாத்தினா, நான் இன்னா பண்ணுவேன்?” என்று கேட்டாள். டாக்டர் பேச்சை மாற்றுவதற்காக, படிக்கும்போது ஏன் கண் களைத்துப் போகிறது என்று விளக்க ஆரம்பித்தார். வரி மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லையாம். ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு வெடுக் வெடுக்கென்று தாவித் தாவித்தான் போகிறதாம். “அந்தத் தாவலுக்குச் சக்கேட்னு பேரு” என்றார்.

“சக்காத்” என்றேன், என்னையும் மீறி. டாக்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். “பிரெஞ்சுச் சொல் சார். குதிரைக் கடிவாளம்” என்று சொல்லிவைத்தேன். “எல்லாத்துக்கும் ஒரு வெளக்கம் வெச்சிருப்பா இவ” என்று அம்மா டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

தேதி குறித்தாயிற்று. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அந்தப் பல்லி வந்தது. அம்மா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பொத்தென்று நேராக அவள் உச்சந்தலையில் விழுந்தது. கரண்டி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பல்லி மட்டும் நிதானமாகச் சுவரேறிப் போனது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில், “ஆபரேஷன அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றாள். ஏன் என்றதற்கு வெயில் என்றாள், மழை என்றாள், சர்ச்சில் அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் இல்லை என்றாள். நான் துப்பு விசாரித்தேன். எங்கள் வீட்டில் மாட்டியிருப்பது சர்ச் காலண்டர். அதில் தினம் ஒரு வசனம் இருக்கும், பல்லி விழும் பலன் இருக்காது. கீழ்வீட்டில் பட்டு நெய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ் பேசுகிறவர். அவர் வீட்டுத் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் அந்தப் பட்டியல் அச்சடித்திருந்தது. தேதி பார்ப்பதாகச் சொல்லி அம்மா அங்கே போயிருக்கிறாள். அக்காதான் படித்துக் காட்டியிருக்கிறார்: தலையில் விழுந்தால் மரண பயம்.

“பயமாம்மா?” என்று கேட்டேன். “எனக்கு இன்னாடி பயம்? இயேசப்பா இருக்காரு” என்று ஒரு சக்காத் கொடுத்தாள். ஆனால் தேதியை மட்டும் மாற்றச் சொன்னாள்.

இதற்கு நடுவில் இன்னொரு அதிசயம் ஆரம்பித்தது. அம்மா என்னைத் தொட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது எல்லாம் கிடையாது. ஜுரமா என்று பார்க்க நெற்றியில் புறங்கையை வைப்பதோடு சரி. அப்படிப்பட்டவள், நான் பயணிகளைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து மணிக்கட்டைப் பிடிப்பாள். டீ டம்ளரைக் கொடுக்கிற சாக்கில் உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவுவாள். ஒரு நாள் முகம் முழுக்கக் கையால் தடவிவிட்டு, “பூச்சி இருந்துது” என்றாள். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. வயதானதும் அம்மாவுக்குப் பாசத்தை வெளியே காட்டத் தோன்றியிருக்கிறது என்று நினைத்து, குளியலறையில் போய்க் கொஞ்சம் அழக்கூடச் செய்தேன்.

இதைக் கீழ்வீட்டு அக்காவிடம் தழுதழுத்துச் சொன்னபோது, அவர் பாவு நூலை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நீ தினம் எங்க போற? பெருமாள் கோயிலுக்கு. அங்க என்னா இருக்குது? தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. அதத் தொட்டா பல்லி தோஷம் போயிடும். தொட முடியாதவங்க, தொட்டுட்டு வந்தவங்களத் தொட்டாலும் போயிடும். ஒங்கம்மா ஒன்னத் தொடல கண்ணு, பல்லியத் தொடுது” என்றார்.

மானம் போனது. வெளியூர்க் கல்யாணங்களில் நான் காஞ்சிபுரம் என்றதும் முன்பின் தெரியாத பெண்கள் என் கையைத் தொட்டுக்கொண்டு போனதுண்டு. ஆனால் சொந்த வீட்டிலேயே நான் பல்லிக்குப் பதிலியாக இருந்திருக்கிறேன் என்பது புதுச் செய்தி.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் அந்தப் பல்லியைத் தொட்டதே கிடையாது. ஒரு தடவைகூட. அது கூரையில் பதித்திருப்பது சன்னிதிப் பக்கம். அங்கே வெளிநாட்டுக்காரர்களை விடமாட்டார்கள். நான் அவர்களோடு நூறு கால் மண்டபத்திலும் குளத்தங்கரையிலும் நின்றுகொண்டு, படியேறித் தொடுவது எப்படி என்று கையை உயர்த்தி நடித்துக் காட்டுவேன். “நீங்கள் தொட்டிருக்கிறீர்களா?” என்று அவர்கள் கேட்டால், “எத்தனையோ தடவை” என்பேன். நான் தனியாக உள்ளே போனால் யாரும் கேட்கப்போவதில்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாட்டுப் பாடுகிறவளுக்கு ஒரு கூச்சம் இருக்காதா? பழைய பொய்ப் பூனை மாதிரி இது ஒரு பொய்ப் பல்லி.

ஆக, அம்மா வாரக்கணக்கில் என்னைத் தொட்டது அத்தனையும் வீண். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் நடக்காது. கண்ணில் புரை இன்னும் முற்றினால் கஷ்டம் என்று டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். நான் யோசிக்கவே இல்லை, பொய்யை இன்னும் பெரிதாக்கினேன். “இன்னைக்கு மூணு குரூப்மா. மூணு தடவ பல்லி தொட்டேன்” என்று அறிவித்தபடி வீட்டுக்குள் நுழைவேன். குரூப்பே வராத நாளில்கூடக் கோயில் தெருவில் டீ குடித்துவிட்டு வந்து, “வெள்ளி, தங்கம் ரெண்டையும் தொட்டேன்” என்பேன். அம்மா கையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு சாயங்காலம், பிடித்த கையை விடாமலேயே, “சரி, டாக்டர்கிட்ட தேதி கேளு” என்றாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று விடிந்ததும், “ஒனக்கு இன்னைக்கு டூர் ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டாள். “இல்லம்மா, லீவு போட்டிருக்கேன்.” “இருந்தா போய்ட்டு வாயேன். ஒம்பது மணிக்குதானே நமக்கு?” என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. எனக்குப் புரிந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன். வழக்கமான டீக்கடையில் நிறுத்தினேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். இருக்கிற ஒரே கண், என் வாயிலிருந்து வந்த பொய்யை நம்பி மேஜையில் படுக்கப்போகிறது. நிஜமாகவே பயந்துவிட்டேன்.

கோபுர வாசலுக்குப் போனேன். போனேனே தவிர, உள்ளே கால் வரவில்லை. அப்போது துளசி மாலையோடு ஓர் அம்மாள் வெளியே வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று பிறகு தெரிந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: “அம்மா, பல்லி தொட்டீங்களா?”

“தொட்டேம்மா. ரெண்டையுந் தொட்டேன்.”

“நான் ஒங்களத் தொட்டுக்கலாமா?”

அவர் சிரிக்கவில்லை. இது அவருக்கும் பழக்கமான விஷயம்தான். “யார் மேல விழுந்துது?” என்றார். அம்மா மேல் என்றேன். “எங்க?” தலையில் என்றேன். “அய்யய்யோ” என்றவர், மாலையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். “கெட்டியாப் புடிச்சுக்க. வழியில யாரையும் தொடாமப் போ” என்றார். ஸ்கூட்டர் ஹேண்டில்பாரைத் தொடலாமா என்று கேட்க மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் முன்னால் கையை நீட்டினேன். அன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே அழைத்துப் போனார்கள். வெளியே காத்திருக்கும் இடத்தில் ஒரு டிவி வைத்திருந்தார்கள். உள்ளே நடப்பது அதில் தெரியும். திரை முழுக்க ஒரே ஒரு கண், என் அம்மாவின் கண். முதலில் அது அங்கும் இங்கும் வெடுக் வெடுக்கென்று தாவியது. சக்காத், சக்காத் என்று என் வாய் முணுமுணுத்தது. டாக்டர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், கண் மெதுவாக ஓர் இடத்தில் நின்றது. மெல்லிய ஊசி போல ஒன்று உள்ளே போனது. நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஜெபத்தையெல்லாம் பாதிப் பாதியாகச் சொன்னேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். ஆபரேஷன் அறை வாசலில் யாரோ ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை, அதிலிருந்த சாமான்களோடு, தரையில் போட்டார்கள். கட்டடமே அதிர்ந்தது. நான் எகிறிக் குதித்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் தண்ணீர் பாட்டிலைத் தன் வேட்டியிலேயே கொட்டிக்கொண்டார். கவுண்டரில் இருந்த பெண் பேனாவைத் தவறவிட்டாள். எனக்குத் திரையைப் பார்க்கப் பயம். பார்த்தேன். கண் அப்படியே இருந்தது. குக்கர் விசிலுக்குக் குதிக்கிற என் அம்மா இம்மியும் அசையவில்லை.

கட்டு அவிழ்த்து, வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் ஆகியிருக்கும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என் பழைய சின்ன எழுத்து பைபிளை அம்மா மடியில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்தேன். டாக்டர் சொன்னது சரிதான். கண் ஒரு சொல்லில் நின்று, அடுத்ததற்குத் தாவி, மறுபடி நின்று, வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு சந்தோஷமான சக்காத்தை நான் பார்த்ததில்லை. என் மனசாட்சி தாங்கவில்லை.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் அந்தப் பல்லிய ஒரு தடவகூடத் தொட்டதில்ல.”

“தெரியும்டி” என்றாள், பைபிளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எப்டித் தெரியும்?”

“வெள்ளக்காரங்கள அந்தாண்ட உடமாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும். அவங்கள உட்டுட்டு நீ எங்க போவ? டீக்கட வாசன அடிச்சிக்கினு வந்து மூணு தடவ தொட்டேன்றே.”

“அப்போ ஏன் ஆபரேஷனுக்கு ஒத்துக்கினே?”

“ஒருத்தி எனக்காவ இவ்ளோ பொய் சொல்லிக்கினு அலையறா. கால் மணி நேரம் சும்மா படுத்துக் கெடக்க முடியாதா எனக்கு?”

“அந்தத் தட்டு உழுந்துதே, அது கேக்கலியா?”

“கேட்டுது. நர்சு கையப் புடிச்சிக்கினு இருந்தேன். மெத்துனு இருந்துது அது. ஒன் கையில கட்டவெரலுக்குக் கீழ காப்பு காச்சிருக்குது, வண்டிய முறுக்கி முறுக்கி. அது எந்த எடத்துல இருக்குதுன்னு நெனச்சிக்கினே கெடந்தேன். வேற எதுலயும் நெனப்பு போவல.”

எனக்கே அது தெரியாது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது.

“பல்லிக்காவ இல்லேன்னா எதுக்கும்மா தெனம் தொட்டே?”

அம்மா பைபிளை மூடினாள். “பல்லிக்குப் பயந்தேன்தான், இல்லேன்னு சொல்லல. அன்னிக்குக் காலைல ஒன்ன அனுப்புனதுகூட, நெஜமாவே தொடுவியான்னுதான். ஆனா கண்ணு போயிட்டா அப்பறம் ஒன்னக் கையாலதானே பாக்கணும்? அதான் முன்னாடியே பழகிக்கினேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவளை எத்தனை தடவை பயமுறுத்தியிருப்பேனோ, அத்தனைக்கும் சேர்த்து ஒரே அடியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அழுகை தெருக்குழாய்த் தண்ணீர் மாதிரி நின்று நின்று வந்தது. அதற்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அறையின் அந்தக் கோடியிலிருந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

“அழுவாதடி. மையெல்லாம் கன்னத்துல வழியுது பாரு” என்றாள்.

மை வழிவது அங்கிருந்தே அவளுக்குத் தெரிந்தது.